வீட்டு வேலைக்கு நிறுத்தப்பட்டுள்ள பிள்ளைகள் தொடர்பான கோரிக்கை மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
திம்பிரிகஸ்யாய,
கொழும்பு.

ஐயா / அம்மா,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதித் தொடர்மாடிகளில் குடியிருக்கும் நாங்கள் இந்த மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் பகுதியில் சில வீடுகளில், பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதுப் பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். பெரும்பாலும் மலையகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட பெண் பிள்ளைகள். கேட்டால், "சொந்தக்காரப் பிள்ளை, படிக்க வைக்கத்தான் கூட்டி வந்தோம்" என்கிறார்கள். சரி, அப்படியென்றால் காலையில் வெள்ளைச் சீருடையோடு அந்தப் பிள்ளையும் ஸ்கூல் வானில் ஏறவேண்டுமே? ஏறுவது வீட்டுக்காரரின் பிள்ளை. புத்தகப் பையைக் கேட் வரை தூக்கி வருவதுதான் இந்தப் பிள்ளையின் வேலை.

சட்டத்தில் குறை இல்லை. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளைச் சுரண்டி வேலை வாங்குவதற்கு எதிராகப் பேசும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. மிக மோசமான சிறுவர் தொழில்களைத் தடைசெய்யும் சர்வதேச தொழில் அமைப்பின் 182ஆம் சமவாயத்தை 2020இல் அதன் 187 உறுப்பு நாடுகளும் ஏற்று முடித்தன. அதற்கு முன் வேறெந்தத் தொழில் சமவாயத்துக்கும் அது வாய்க்கவில்லை. ஆனால் தொழிற்சாலைக்குள் பரிசோதகர் போய்ப் பார்க்கலாம். ஐந்தாம் மாடிச் சமையலறைக்குள் யார் போவது?

வீடு வீடாகப் போகக்கூடியவர் கிராம உத்தியோகத்தர் ஒருவர்தான். வாக்காளர் இடாப்பில் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் பெயர் வராது. ஆகவே அந்தப் பதிவுக்குப் போகும்போதே, வீட்டில் தங்கியிருக்கும் 18 வயதுக்குக் குறைந்த எல்லோருடைய பெயர், வயது, பாடசாலை ஆகியவற்றையும் தனியாகக் குறித்துவரத் தாங்கள் பணிக்கவேண்டும். பாடசாலைப் பெயர் சொல்லப்படாத வீட்டுக்குச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் போகவேண்டும். தமிழ் பேசும் ஒருவர் அந்தப் பிள்ளையோடு தனியே கதைக்கவேண்டும். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளையும் "சந்தோஷமாக இருக்கிறேன்" என்றுதான் சொல்லும்.

1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தொடர்மாடியின் லிஃப்டிலும் காவலாளி அறையிலும் ஒட்டச் செய்யுங்கள். பிள்ளையின் கையில் போன் இருக்காது. அழைக்கவேண்டியவர்கள் அயலவர்களும் காவலாளிகளும்தான்.

மீட்ட பிறகு நடப்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினால், வறுமை மாறாத வீட்டிலிருந்து அதே தரகர் திரும்பவும் கூட்டி வருவார். ஊரிலுள்ள நன்னடத்தை உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்து, பாடசாலையில் சேர்த்த பின்னரே கோவையை மூடவேண்டும். நிலுவைச் சம்பளத்தையும் பெற்றுக்கொடுக்க வேண்டும். "நகை காணவில்லை" என்று வீட்டார் திடீரென முறைப்பாடு கொடுத்தால், அதை வைத்துப் பிள்ளையை மிரட்ட இடம் கொடுக்கக்கூடாது.

இதுபற்றித் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுடன் தாங்கள் ஒரு கூட்டம் நடத்தினால், இடத்தையும் ஆட்களையும் நாங்களே ஒழுங்கு செய்து தருகிறோம். திகதியை மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி குடியிருப்பாளர்கள்