இரவுப் பணியில் இருந்த அந்த டாக்டருக்கு

அப்பாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி, "மாட்டை அவிழ்த்துக் கட்டணும்டா" என்று டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். மாட்டை விற்று 20 வருஷம் ஆகிறது. "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று சொல்லிக் கையைக் கட்டத் துணி எடுத்து வந்தார்கள்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். "நேற்று வரை தெளிவா இருந்தாரா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். திடீர்க் குழப்பத்துக்கு உடம்பில் ஏதாவது காரணம் இருக்கும் என்று அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தீர்கள். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டிருந்தது. அரிப்புக்கு எழுதியிருந்த மாத்திரையைச் சீட்டிலிருந்து அடித்தீர்கள். வயதானவர்களுக்கு அந்த வகை மாத்திரை அடைப்பையும் தருமாம், புத்தியையும் குழப்புமாம். அப்புறம், "கண்ணாடி எங்கே, காது மெஷின் எங்கே?" இரண்டும் என் பையில் பத்திரமாக இருந்தன!

1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவம் தொடங்கிய மாநிலம் இது. ஆனாலும் நடுராத்திரி வார்டில் இதெல்லாம் தெரிந்தவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்தான்.

இரண்டு நாளில், காபியில் சர்க்கரை இல்லை என்று அப்பா என்னைத் திட்டினார். உங்கள் பெயரைக் கேட்கத்தான் தோன்றவில்லை. நன்றி, டாக்டர்.