மில் இருந்த இடத்தில் ஃப்ளாட்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. பேத்தி காது குத்து போட்டோவை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். மொட்டையில் அப்படியே உன் ஜாடை. முடி வளர்ந்தால் சரியாகிவிடும், கவலைப்படாதே. இங்கே சுகம்தான். மூட்டுவலிக்கு ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிறேன். வலியைவிடப் பத்தியம்தான் படுத்துகிறது.

தெருவில் இப்போது ஒரே பேச்சு. மூடிக்கிடந்த அரிசி மில் ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஃப்ளாட் வரப்போகிறது. ரெசிடென்ஸ் அசோசியேஷன் இரண்டு கட்சியாகிவிட்டது. வேண்டாம் என்பவர்கள் முதலில் சொல்வது தண்ணீர். பங்குனியிலேயே அடி தெரிகிற கிணறுகள் எங்களுடையவை. பக்கத்தில் பெரிய போர்வெல் போட்டால் என்ன ஆகும்? நியாயமான பயம். காற்று வராது என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நாலு மாடி தடுத்துவிடுமாக்கும்!

நான் ஃப்ளாட் வரட்டும் என்று பேசினேன். அதிலிருந்து பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் யோசித்துப் பார். 2015இல் இங்கே பாலக்காட்டுக்கு ஐஐடி வந்தது. கஞ்சிக்கோட்டில் ஏற்கெனவே தொழிற்சாலைகள். புதுசேரிப் பக்கம் 1,710 ஏக்கரில் தொழில் நகரத்துக்கு 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தாயிற்று. வருகிறவர்கள் எங்கேயாவது குடியிருந்துதானே ஆக வேண்டும்? ஊருக்குள் இடமில்லை என்றால் ஆளுக்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் வாங்கித் தனி வீடாகக் கட்டுவார்கள். அது கடைசியில் வயலில்தான் போய் முடியும்.

வயலை மண் போட்டு நிரப்பக் கூடாது என்று 2008 முதல் கேரளத்தில் சட்டம் இருக்கிறது. இருந்தும் வேறு நிலமில்லாதவர் வீடு கட்டிக்கொள்ள நகரசபையில் ஐந்து சென்ட், பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரை வழி உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன், ஏழைக்கு வேண்டியதுதான். ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு, டேட்டா பாங்கில், அதாவது அரசின் வயல் பட்டியலில், சேராத நிலமென்றால் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். அதனால் தங்கள் நிலத்தை டேட்டா பாங்கிலிருந்தே எடுக்கச் சொல்லி மனு மேல் மனு. ஃப்ளாட்டுக்கு எதிராகக் கொடி பிடிக்கிறவர்களில் சிலரே மகனுக்காக அப்படி மனுப் போட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், உனக்கும் தெரிந்தவர்கள்தான்.

நெருக்கம் என்றாலே பயப்படுகிறார்கள். கல்பாத்தியில் உன் பெரியம்மா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே மிக்ஸி ஓடினால் இங்கே சட்னி என்று தெரியும். பக்கவாட்டில் ஓரடிகூடக் காலியில்லை. ஆனாலும் மூச்சு முட்டியதாக யாராவது சொன்னார்களா? வாசலில் தேர் ஓடுகிற அகலத்துக்குத் தெரு, ஒரு கோடியில் கோயில், கொல்லைப்பக்கம் போனால் ஆறு. மிச்சம் பிடித்த இடத்தையெல்லாம் சேர்த்து எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நிலத்தின் பரப்பைப்போல இரண்டு மடங்கு கட்டலாம் என்றால், இரண்டு தளமாகப் பரப்பினால் மண்ணே தெரியாது. நாலு தளமென்றால் பாதி நிலம் மிஞ்சும், எட்டென்றால் முக்கால். மிஞ்சியது யாருக்கு என்பதில்தான் பில்டரோடு எனக்குச் சண்டை. மில் பிளானில் பச்சையடித்துக் காட்டியதில் பெரும்பகுதி கார் நிறுத்தவும் தீயணைப்பு வண்டி திரும்பவும். பாக்கி இருப்பது கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேன் காவலில் ஒரு புல்தரை. தெருப் பையன்கள் அதில் கால் வைக்க முடியுமா? கோட்டை மைதானத்தில் யாரையும் கேட்காமல் ஸ்டம்ப் நடலாம். கூட்டத்துக்கு மேடை போடுகிற நாளில்தான் விளையாட்டு நிற்கும். எனக்கு வேண்டியது அந்த மாதிரி இடம், சின்னதானாலும் சரி.

இதில்தான் உன் உதவி வேண்டும். மனை மூவாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் பொதுவுக்கு விட வேண்டும் என்று உங்கள் தமிழ்நாட்டில் விதி இருக்கிறதே. அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுப்பார்கள் என்று நீதான் சொன்னாய். பத்தாயிரம் சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிட்டுப் போகவும் விட்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் அப்படிப் பொதுவுக்கு விட்ட ரிசர்வ் சைட்டை வளைத்துப் போட்டவர்கள் கதை வேறு அடிக்கடி பேப்பரில் வருகிறது. பிளானிங் ஆபீசில் காலம் தள்ளியவன் நீ. வேலி போட்டு வளைக்க முடியாதபடி பத்திரத்தில் என்ன எழுத வேண்டும்? ரோட்டை ஒட்டியே இடம் விடச் சொல்லி வற்புறுத்த முடியுமா? பழைய பத்திர நகல் ஒன்று இருந்தால் அனுப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பில்டர் வருகிறார், கையில் காகிதம் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

ஐப்பசி கடைசியில் கல்பாத்தித் தேருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், கட்டாயம் வா. தங்கச்சியையும் கூட்டி வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. காரில் மட்டும் வராதே. ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு நானே ஸ்கூட்டரோடு வருகிறேன்.

அன்புடன்,
ராமு