லெந்து நாட்களில் உடனிருந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், வெளியூரிலிருந்து வந்து உதவியவர்களுக்கும் வாழ்த்துதல்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்து வீட்டுக் கூட்டங்கள் இந்த ஆண்டுக்கு நிறைவடைந்துவிட்டன. "விசுவாசி கிறிஸ்துவோடு ஒன்றாயிருப்பது" என்ற பொருளை நான் முன்வைத்தபோது, பாளையங்கோட்டை வெயிலில் இவ்வளவு கனமான விஷயத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று கமிட்டியில் ஒரு அண்ணாச்சி சிரித்தார். கடைசிக் கூட்டம்வரை அவர் வந்தார். வீடு வீடாக நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டவரும் அவர்தான். முதல் நன்றி அவருக்கு.

நம் சபையின் குருவானவராகிய ஐயரவர்களுக்கு அடுத்த நன்றி. எங்கே தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்த இறையியலாளர் கால்வினைத் திறந்து காட்டினார். 1559இல் இறுதி வடிவில் வெளிவந்த கால்வினுடைய பெருநூலின் மூன்றாம் பகுதி தொடங்கும் இடம் அது. கிறிஸ்து நமக்கு வெளியே நிற்கும்வரை, மனுக்குலத்துக்காக அவர் பட்ட பாடுகளாலும் செய்தவற்றாலும் நமக்கு ஒரு பயனும் இல்லை என்கிறார் கால்வின். இத்தனை ஆண்டுகளாகப் பெரிய வெள்ளி தோறும் இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைக் கேட்டுவரும் நமக்கு இது சற்று அதிர்ச்சிதான். ஆனால் ரோமர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தால் பவுலும் அதையேதான் சொல்கிறார். கிறிஸ்து மரித்தார், நமக்குப் பலன் கிடைத்தது என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அவரோடு நாமும் மரித்தோம், அடக்கம்பண்ணப்பட்டோம், அவரோடு பிழைத்தும் இருப்போம் என்று "அவரோடு, அவரோடு" என்றே அடுக்கிக்கொண்டு போகிறார்.

இந்த இடத்தில்தான் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் கையை உயர்த்தினார். கல்லூரியில் தத்துவம் படிக்கிறவர். "அப்படியானால் நாம் கிறிஸ்துவாகவே ஆகிவிடுகிறோமா? அத்வைதம் சொல்வதும் இதுதானே?" என்றார். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கோ மிகுந்த சந்தோஷம். இந்தக் கேள்வி இல்லாமல் இந்தப் பொருளைப் பேசவே முடியாது. இதே ஊரில் 1891இல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேள்வியோடுதான் கழித்தார். ஆக்ஸ்போர்டில் அவர் செய்த ஆய்வும் இந்து பக்தி இலக்கியத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் அருகருகே வைத்துப் பார்த்ததுதான். யோவான் சொல்லும் ஐக்கியத்தில் ஆள் கரைந்து காணாமல் போவதில்லை. அன்பினாலும் சித்தத்தினாலும் இருவர் ஒன்றாகிறார்கள் என்றார் அவர். அதை விளக்க, ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்ற சங்கரரை விட்டு, இறைவனோடு ஒன்றியும் உயிர் தன்னை இழப்பதில்லை என்ற இராமானுஜரிடம் போனார். பிதாவும் குமாரனும் ஒன்றாயிருப்பதையும் அவர் இதே அளவுகோலால் அளந்ததில் எனக்கு உடன்பாடில்லை, பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுள்ளவர்கள் என்று அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணத்துக்கு அது போதாது. நமக்கும் கிறிஸ்துவுக்கும் உள்ள உறவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அடுத்த வாரம் அந்தத் தம்பியே கலாத்தியர் 2:20ஐக் கொண்டுவந்தார். "இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்" என்று சொன்ன அதே மூச்சில் பவுல் "என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த" என்கிறாரே, அன்புகூரப்பட ஒரு "நான்" அங்கே மிச்சமிருக்கிறதே என்று அவரே சொன்னார். தம்பி, உமக்கு நன்றி.

பெண்கள் ஐக்கிய சங்கத்து டீச்சருக்கு நன்றி சொல்வது சிலருக்குப் பிடிக்காது. சொல்லத்தான் போகிறேன். கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணையைப் பற்றிப் பேசிய மாலையில், "அநேகரான நாம் ஒரே அப்பமும் ஒரே சரீரமுமாயிருக்கிறோம்" என்ற 1 கொரிந்தியர் 10:17ஐ அவர் வாசித்துவிட்டு, அப்பம் ஒன்று, இருக்கை மட்டும் வேறு வேறு என்று தமிழ்ச் சபைகள் வாழ்ந்த காலத்தை நினைவுபடுத்தினார். சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல. நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரும் அந்த விஷயத்தில் எதிர்த்தவர்களின் பக்கமே நின்றார். டீச்சர் அதோடு நிற்கவில்லை. கல்யாணம் பேசும்போது நாம் முதலில் விசாரிப்பது என்ன என்றும் கேட்டார். பேச்சு நின்றுபோனது. இருவர் எழுந்தே போய்விட்டார்கள். கிறிஸ்து தலை, நாம் அவயவங்கள் என்றால், தலையோடு நான் இணைந்திருக்கிறேன், பக்கத்து அவயவத்தோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல ஒரு விரலால் முடியுமா? கிறிஸ்துவோடு ஐக்கியம் என்பதை நாம் தனிப்பட்ட இன்ப உணர்ச்சியாக மட்டும் வைத்துக்கொள்வதால்தான் இப்படிப்பட்ட கேள்விகள் நமக்கு அந்நியமாகத் தெரிகின்றன. எழுந்து போனவர்களில் ஒருவர் மறுவாரம் திரும்பி வந்தார். அவருக்கும் நன்றி.

இனி சொல்லப்போவது ஒரு அம்மாவைப் பற்றி. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவருக்கு மறதி நோய். வாழ்நாள் முழுவதும் பாடற்குழுவில் பாடியவர், இப்போது பரமண்டல ஜெபம் தொடங்கினால் கூடச் சொல்வதில்லை. இயேசு என்றால் யார் என்று கேட்கிறார். இயேசு தம்மைத் திராட்சச்செடி என்றும் நம்மைக் கொடிகள் என்றும் சொல்லும் யோவான் 15ஐ வாசித்தபோது அந்த அம்மா, "என்னில் நிலைத்திருங்கள் என்று இருக்கிறதே, நிலைத்திருக்க இவருக்கு நினைவே இல்லையே, இவர் இன்னும் கிறிஸ்துவுக்குள் இருக்கிறாரா?" என்று கேட்டார். ஐயரவர்களும் உடனே பதில் சொல்லவில்லை. அவசரப்பட்டுப் பேசாததற்காகவே அவருக்கு இன்னொரு நன்றி.

அன்று என் அத்தான் வந்திருந்தார். கம்பம் பக்கத்தில் பன்னீர் திராட்சை போடுகிறவர். பிரசங்கம் செய்து பழக்கமில்லாதவர். கவாத்து முடிந்தபின் பந்தலில் வெறும் குச்சிகள்தான் இருக்கும், வெட்டிய முனைகளில் நீர் சொட்டும், வழியில் போகிறவர்கள் பட்டுப்போய்விட்டது என்பார்கள், வேரிலிருந்து ஓட்டம் இருப்பதால்தான் அந்த நீரே வருகிறது என்றார். கொடி செடியைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் செடிதான் கொடியைத் தாங்கி ஊட்டுகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு ஐயரவர்கள் கொலோசெயர் 3:3ஐ வாசித்தார்: "நீங்கள் மரித்தீர்கள், உங்கள் ஜீவன் கிறிஸ்துவுடனே தேவனுக்குள் மறைந்திருக்கிறது." அந்த ஜீவன் இவருடைய ஞாபகத்தில் வைக்கப்படவில்லை, தேவனுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது, இவர் மறந்தாலும் அங்கே மறதி இல்லை என்றார். கன்வென்ஷன் கூட்டங்களில் கண்ணீர் வந்தால் கிறிஸ்து அருகில் இருக்கிறார், வராவிட்டால் தூரமாகிவிட்டார் என்று நம்மில் பலர் கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை இந்த வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு கொடுமையானது என்று தெரியும்.

அந்த அம்மா ஞாயிறு ஆராதனைக்கு வரும்படி வாலிபர்கள் இருவர் முறைவைத்து ஐயாவோடு இருக்கிறார்கள். நற்கருணையை ஐயரவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஐயா வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தம்பிமாரே, உங்கள் பெயர்களையும் இங்கே போடவில்லை, ஊருக்குத் தெரியும்.

சுக்குக் காப்பியும் அவித்த பயறும் கொடுத்த வீட்டாருக்கும், மின்சாரம் போனபோது பாமாலைப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடிய ஆச்சிமாருக்கும், பிள்ளைகளைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஐயரம்மாவுக்கும் நன்றி. அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் எழுதிவிட்டேன்.

அப்பாசாமியின் புத்தகத்தை இரவல் வாங்கிப்போனவர் யாரோ தெரியவில்லை. அது நூலகத்துப் புத்தகம். திருப்பித் தந்தால் அவருக்குத் தனியாகவே ஒரு நன்றி மடல் எழுதுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்