உண்மையைச் சொன்னவரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளை நடத்தும் முதல்வர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும், அறுவை அரங்குகளின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பதினொரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள் நான். எச்.ஐ.வி. தொற்று உறுதியானவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுவது என் வேலை. அழுது முடித்து அவர்கள் எழுந்திருக்கும்போது, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புவேன். காரணம் உங்களுக்குத் தெரியும். எச்.ஐ.வி.க்கான டாலுடெக்ராவிர் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டாலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். தெரியாமல் மருந்து எழுதினால் பாதிக்கப்படுவது நோயாளிதான். அந்த அறிவுரையை இனியும் சொல்லலாமா என்ற கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். வயது நாற்பதைத் தாண்டியவர், தையல் வேலை செய்பவர். கணவர் இறந்தபிறகு செய்த பரிசோதனையில்தான் தனக்கும் தொற்று இருப்பது தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக, வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை ஒரு நாளும் விட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பக்கத்திலேயே அந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையம் இருந்தும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று இரண்டு பஸ் மாறி வேறு மாவட்டத்துக்கு வருவார். மருந்து வாங்கியதும் குழாயடிக்குப் போய், புட்டியில் ஒட்டியிருக்கும் தாளை நனைத்து நகத்தால் சுரண்டி எடுப்பார். பிறகு கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துப் புட்டிக்குள் திணிப்பார். பஸ்ஸில் மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டு யாரும் என்னவென்று விசாரித்துவிடக் கூடாது.

அவருக்குக் கருப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. இது ஓரிடத்தில் மட்டும் நடப்பதல்ல. முந்தைய இரவிலிருந்து பட்டினி. காலைப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வந்து, தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே இவர் உண்மையைச் சொன்னார். அரை மணி நேரத்தில் பெயர் கடைசிக்குப் போனது. மாலை மூன்றரை மணிக்கு, கருவி பழுது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம் என்றார்கள். அதே அரங்கில் அன்று ஐந்து பேருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கேஸ் ஷீட்டின் அட்டையில் அவருக்குத் தொற்று இருப்பதைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதி, வட்டமிட்டு, கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். துணைக்கு வந்திருந்தவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். "அம்மா, இது உன்னுடைய ஃபைலா?" என்று கேட்டிருக்கிறாள். மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அந்தத் தாயும் நானும் இரண்டு வருடங்களாகப் பேசிவந்தோம். பதினெட்டு வயது ஆகட்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

ஊசி குத்திவிடுமோ, கத்தி கீறிவிடுமோ என்ற உங்கள் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. நள்ளிரவில் தையல் போடும் பயிற்சி மருத்துவரின் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். சிகிச்சை எடுக்காதவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட, ஆயிரத்தில் சுமார் மூன்று முறைதான் தொற்று ஏற்படும். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதுவும் பெருமளவு தடுக்கப்படும். வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து வரும் ஆபத்து இதைவிட மிகமிகக் குறைவு. தொற்று இருப்பது தனக்கே தெரியாமல், புதிதாகத் தொற்றியதால் பரிசோதனையிலும் அகப்படாமல், உங்கள் மேசைக்கு வருபவரின் ரத்தத்தில்தான் வைரஸ் நிறைந்திருக்கும். எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாளுங்கள் என்று உங்கள் பாடமே சொல்வது இதனால்தான். உங்களுக்கு ஆபத்து மிகக் குறைந்தவர் உண்மையைச் சொல்கிறார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சொல்லாதவர்களை உள்ளே அழைத்துக்கொள்கிறீர்கள். இது வார்டு முழுக்கப் பரவும் செய்தி. அடுத்து வருபவர் வாயைத் திறக்க மாட்டார்.

2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானாகவே போய்த் தகவல் சொன்னவர் ரத்தம் கொடுத்த அந்த இளைஞர்தான். அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்கிறது. சிகிச்சை வேண்டுமானால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டு வா என்று நிபந்தனை போடக் கூடாது என்கிறது. ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அட்டையில் சிவப்பு மை வேறென்ன? இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனம் ஒவ்வொன்றும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அதற்கு மேல் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் முப்பது நாளில் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். அன்று மாலை அந்தப் பெண் யாரிடம் போய் நிற்பது என்று அந்த மருத்துவமனையில் கேட்டுப் பார்த்தேன். புகார் அலுவலர் என்ற சொல்லையே அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இதே மாநிலத்தில்தான், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் யாருமே பார்த்திராத நோய்க்காக, நிர்மலா கையுறைகூட இல்லாமல் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். பரிசோதிக்க வேலூருக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாட்டிலேயே முதலாவதாக மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் இங்கேதான் அமைந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் ஒன்று. நீங்கள் அந்த மரபில் வந்தவர்கள்.

கேட்பது அதிகமில்லை. புகார் அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் புறநோயாளிப் பிரிவின் வாசலில், தமிழில், நின்று படிக்கும் உயரத்தில் எழுதி வையுங்கள். கேஸ் ஷீட்டின் அட்டையில் எந்தக் குறியும் வேண்டாம். தெரிய வேண்டியவருக்கு உள்ளே ஒரு வரி போதும். தடுப்பு மருந்தை மருந்தகத்தில் பூட்டிவைக்காமல் இரவிலும் கையெட்டும் இடத்தில் வையுங்கள்; பயிற்சி மருத்துவர்களின் பயத்தில் பாதி அங்கேயே தீரும். காரணம் எழுதாமல் யாரையும் வேறு மருத்துவமனைக்கு அனுப்பாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு மருத்துவமனையில் அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. நேற்று போன் செய்தார். "இந்தத் தடவை சொல்லவா, வேண்டாமா அக்கா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் அவருக்கு என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
நம்பிக்கை மையத்தின் முன்னாள் ஆலோசகர் ஒருவர்