சமையலறை சன்னலுக்கு எதிரே

அன்பு மகளுக்கு,

"நாலு மணிக்கே இருட்டிடுதும்மா, தோட்டத்தில பார்க்க ஒண்ணுமே இல்ல" என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு உன் லீட்ஸ் வீட்டு நினைப்புதான்.

என்ன செடி என்று யோசிப்பதற்கு முன்னால், எங்கே நின்று பார்ப்பாய் என்று யோசி. குளிரில் யாரும் தோட்டத்தில் உலாவப் போவதில்லை. சமையலறை சன்னல் வழியாகப் பார்ப்பாய், வாசலில் சாவி தேடிக்கொண்டு நிற்பாய். அந்த இரண்டு இடத்துக்கும் நட்டால் போதும்.

வாசலுக்கு சர்கோகோக்கா. கிறிஸ்துமஸ் பாக்ஸ் என்று கேட்டு வாங்கு. நிழலிலும் வளரும். பூ சின்னது, கண்ணில் படாது. ஆனால் ஜனவரியில் கதவைத் திறந்தால் வாசனை தூக்கும். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் மல்லிகைக்கு ஏங்கிக் கிடந்த என்னை இந்தச் செடிதான் தேற்றியது.

சன்னலுக்கு எதிரே விட்ச் ஹேசல். இலையே இல்லாத கிளையில் எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்ட மாதிரி மஞ்சள் பூ. கடும் குளிரில் இதழ் சுருண்டுகொள்ளும், குளிர் தணிந்ததும் விரியும். பூத்திருக்கும்போதே போய் முகர்ந்து பார்த்து வாங்கு, ரகத்துக்கு ரகம் வாசனை மாறும். எனக்குப் பிடித்தது 'பல்லிடா' என்ற ரகம். பத்துப் பன்னிரண்டு அடி விரியும், இடம் விடு. ஒட்டுச்செடி என்பதால் அடியில் கிளம்பும் துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். என் முதல் செடியில் கவனிக்காமல் விட்டேன். அடிச்செடி ஓங்கி, ஒட்டு செத்துப்போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் டாக்வுட். கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவின் குளிர்காலத் தோட்டத்தில் சிவப்புக் குச்சிகளைப் பார்த்து "தீப்பிடிச்சிருக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாயே, அதேதான். சாய்ந்த வெயில் படும் இடத்தில் வை. வேர் பிடித்தபின் வருஷா வருஷம் மார்ச்சில் தரையை ஒட்டி வெட்டிவிடு. இளங்கொம்புக்குத்தான் அந்த நிறம்.

மரம் ஒன்று வேண்டுமென்றால் பேப்பர்பார்க் மேப்பிள். சீனாவிலிருந்து 1901-இல் எர்னஸ்ட் வில்சன் என்ற செடி சேகரிப்பாளர் கொண்டுவந்தது. அதன் பட்டை நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பட்டை மாதிரியே சுருண்டு உரியும். மெதுவாகத்தான் வளரும், பரவாயில்லை.

பிப்ரவரியில் அப்பாவும் நானும் வருகிறோம், நர்சரிக்குச் சேர்ந்தே போகலாம். அதுவரை மத்தியான வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து ஒரு குச்சி ஊன்றி வை.

அம்மா