டீன் பொறுப்பேற்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன்னைப் பிசினஸ் ஸ்கூலின் தலைவராக, அதாவது டீனாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷத்தை அப்போதே சொல்லிவிட்டேன். அதே போனில் நீ கேட்ட கேள்விக்குத்தான் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. "பாடம் நடத்தியாயிற்று, ஆராய்ச்சி செய்தாயிற்று, துறைத் தலைவராகவும் இருந்தாயிற்று. டீன் வேலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள இன்னும் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டாய். என் பணிக்காலம் முழுக்க ஒரு பிசினஸ் ஸ்கூலின் நிர்வாக அலுவலகத்தில் கழிந்தது உனக்குத் தெரியும். டீன்கள் வந்தார்கள், போனார்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன். அங்கிருந்து தெரிந்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ உட்காரப்போகும் நாற்காலிக்கு வெளியே மதிப்பு அதிகம், உள்ளே அதிகாரம் குறைவு. கம்பெனியில் மேலதிகாரி சொன்னால் வேலை நடக்கும். நடக்காவிட்டால் ஆளை மாற்றுவார்கள். பணி நிரந்தரமான ஒரு பேராசிரியரை நீ அப்படி மாற்ற முடியாது. அவருடைய பெயர் அவருடைய ஆராய்ச்சியால் வந்தது, உன் கையெழுத்தால் வரவில்லை. பதவி உயர்வை ஒரு குழு பார்க்கும், பாடத்திட்டத்தை இன்னொரு குழு பார்க்கும், சம்பள விகிதத்தைப் பல்கலைக்கழகம் பார்க்கும். உன் கையில் மிஞ்சுவது கொஞ்சம் நிதியும், மற்றவர்கள் உன்மேல் வைக்கும் நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கை மேடைப் பேச்சில் வருவதில்லை. யாருக்கு எத்தனை வகுப்பு, யாருக்கு என்ன விலக்கு, எந்த எண்ணை யார் சரிபார்த்தார்கள் என்ற அலுவலக விஷயங்களில்தான் அது வளரும், அங்கேதான் உடையும்.

ஒன்று சொல்கிறேன். தொழில் துறையில் பெரிய பொறுப்பு வகித்தவர் ஒருவர் எங்களுக்கு டீனாக வந்தார். நல்ல மனிதர், கூர்மையான மூளை. வந்த சில நாட்களிலேயே எல்லாப் பாடங்களின் திட்டமும் ஒரே படிவத்தில் வரவேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் மட்டும் அனுப்பினார்கள். மூத்தவர்கள் பதிலே போடவில்லை. திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து, "இவர்கள் யாரிடம் ரிப்போர்ட் செய்கிறார்கள்?" என்று கேட்டார். அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவருக்கு அடுத்து வந்த டீன் அதே படிவத்தை எடுத்துக்கொண்டு மூத்த பேராசிரியர் ஒவ்வொருவரின் அறைக்கும் தானே போனார். "இதில் உங்கள் பாடத்துக்குப் பொருந்தாத பகுதி எது?" என்று கேட்டு அவர்கள் சொன்னதைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். திருத்திய படிவம் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எல்லோரிடமிருந்தும் வந்துவிட்டது. இதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் வேறு குறுக்குவழி எதையும் நான் பார்க்கவில்லை.

பிசினஸ் ஸ்கூலுக்கு மற்றத் துறைகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் பிறவியிலேயே உண்டு. 1881-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கியபோதும், 1908-ல் ஹார்வர்டில் பிசினஸ் ஸ்கூல் தொடங்கியபோதும் தொழிலுக்கு ஆள் தயார்செய்வதுதான் நோக்கம். 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னெகி அறக்கட்டளையும் ஆதரித்த இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. இந்தப் பள்ளிகளில் படிப்பின் ஆழம் போதாது, ஆராய்ச்சி போதாது என்று இரண்டும் கடுமையாகச் சொல்லின. அதற்குப் பிறகு எல்லோரும் பொருளாதாரம், உளவியல், கணிதம் படித்தவர்களை வேலைக்கு எடுத்தார்கள், ஆய்விதழ்களில் எழுதச் சொன்னார்கள். பின்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து குறை வந்தது: இவர்கள் எழுதுவதைத் தொழில் நடத்துகிறவர் யாரும் படிப்பதில்லை என்று. இன்றைக்கும் உன் ஆலோசனைக் குழுவில் உட்காரும் நிறுவனத் தலைவர்கள் இதைத்தான் சொல்வார்கள், உன் பேராசிரியர்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். இருவரும் சொல்வது உண்மைதான்.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1967-லேயே இதைச் சரியாகப் பிடித்தார். தொழிற்கல்விப் பள்ளியை அமைப்பது எண்ணெயையும் தண்ணீரையும் கலப்பது மாதிரி. ஒருமுறை கலந்தால் வேலை முடிந்துவிடாது, விட்டுவிட்டால் இரண்டும் மறுபடி பிரிந்துவிடும் என்பது அவர் கருத்து. அவரே அப்படியொரு பள்ளியைக் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் என்பதால் அந்த வார்த்தைக்கு எடை அதிகம். நீ எடுக்கும் ஒவ்வொரு நியமனமும், போடும் ஒவ்வொரு குழுவும் இந்தக் கலவையைக் காக்கிறதா, பிரிக்கிறதா என்று பார். நாற்பது வயதில் வங்கி வேலையை விட்டு வந்து பாடம் எடுப்பவரும், ஆய்விதழுக்கு ஒரு கட்டுரையைத் திருத்தித் திருத்தி வருடக்கணக்கில் உழைப்பவரும் ஒரே தாழ்வாரத்தில் இருந்துகொண்டு பேசாமலே இருந்துவிட முடியும். ஒரே பாடத்தை இருவரும் சேர்ந்து நடத்த வழி செய். மாணவர்களுக்கு அதுபோல லாபம் வேறில்லை.

இப்போது பணிச்சுமைப் பட்டியலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் டீன் முதலில் படிக்கவேண்டிய ஆவணம் அதுதான். பட்ஜெட்கூட அதற்குப் பிறகுதான். யார் எத்தனை பாடம் எடுக்கிறார், ஆராய்ச்சிக்காக யாருக்கு வகுப்பு குறைக்கப்பட்டிருக்கிறது, முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்துவதற்கு எவ்வளவு கணக்கு, சேர்க்கைக் குழுவில் இருப்பதற்கு எவ்வளவு கணக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். இருக்கவேண்டும். ஆனால் நிஜத்தில் பாதி விஷயம் அதில் இருக்காது. "முந்தைய டீன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று ஒவ்வொருவராக உன் அறைக்கு வருவார்கள். ஒருவருக்கு மாலை வகுப்பே கிடையாது. ஒருவருக்கு மையத்தின் இயக்குநர் என்ற பெயரில் இரண்டு பாடம் குறைவு. அந்த மையத்தில் வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு நடந்தால் பெரிது. எழுத்தில் எதுவும் இருக்காது. இந்த வாய்மொழி ஏற்பாடுகளின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் தெரியுமா? கேட்கத் தெரியாதவர்கள், புதிதாக வந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். மாணவர்கள் பிரச்சினை என்றால் அவர்கள் அறைக்குத்தான் போவார்கள். குழு என்றால் அவர்கள் பெயரைத்தான் போடுவார்கள். அதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஆகவே முதல் பருவத்தில் இந்த வாக்குறுதிகளை எல்லாம் கேட்டு எழுது. மறுக்காதே, ஒப்புக்கொள்ளவும் செய்யாதே, எழுதிக்கொள். கணக்கில் ஏறாமல் வேலை செய்கிறவர்களை நீயே கூப்பிட்டுக் கேள், அவர்களாக வரமாட்டார்கள். பிறகு பட்டியல் முழுவதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடு. சலசலப்பு வரும். ஒரு மூத்தவர் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போவார். ஆனாலும் அடுத்த வருடம் நீ ஒருவரிடம் கூடுதலாக ஒரு பாடம் எடுக்கச் சொல்லும்போது, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் உன் வேண்டுகோள் எடுபடும்.

அங்கீகாரம் பற்றி நீ கவலைப்பட்டாய். அதை விழாவுக்கு முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்வது போல நடத்தினால்தான் கஷ்டம். ஏஏசிஎஸ்பி பிசினஸ் ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் தரும், 1916-ல் தொடங்கிய அமைப்பு. சில வருடங்களுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வரும். 2020-ல் அது வகுத்த விதிப்படி பாடம் நடத்தும் ஆசிரியர் பலத்தில் பொதுவாக 90 சதவீதமாவது, தகுதியானவை என்று அது சொல்லும் நான்கு வகைகளில் ஒன்றில் வரவேண்டும். 40 சதவீதமாவது தொடர்ந்து ஆராய்ச்சி செய்கிற கல்வியாளர்களாக இருக்கவேண்டும். சின்னத் துறையில் இரண்டு பேர் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றால் இந்தக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். அதனால் யார் எப்போது ஓய்வு பெறுகிறார்கள், யாருடைய ஆராய்ச்சி நின்றுபோய்விட்டது என்பது உனக்கு இன்றைக்கே தெரியவேண்டும். ஈக்விஸ், ஆம்பா என்று மற்ற இரண்டு அங்கீகாரங்களையும் சேர்த்து மூன்றும் வாங்கவேண்டும் என்று நிர்வாகக் குழுவில் யாராவது ஆசைப்படுவார்கள். அந்த வேலையைச் செய்ய ஆள் தருவீர்களா என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டுவிடு. ஒவ்வொரு அங்கீகாரமும் என்னைப் போல அலுவலகத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் மாலை நேரங்களால்தான் வருகிறது.

தரவரிசை விஷயத்தில் மட்டும் உன்னிடம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் பள்ளியில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய ஆன்லைன் எம்பிஏ அமெரிக்கப் பட்டியல் ஒன்றில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து முதலிடம். பிறகுதான் தெரிந்தது, கொடுத்த எண்கள் பொய் என்று. கடைசி வருடத்தில் சேர்ந்த 255 பேருமே எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் கொடுத்ததாக எழுதியிருந்தார்கள். உண்மையில் கொடுத்தவர்கள் 50 பேர். பட்டியலிலிருந்து நீக்கினார்கள், டீன் பதவி இழந்தார், 2021-ல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2022-ல் 14 மாதச் சிறைத் தண்டனை. இதில் என் மனதை விட்டுப் போகாத விஷயங்கள் இரண்டு. தரவரிசைக்குப் போகும் எண்களைச் சரிபார்க்க அங்கே முன்பு ஒரு குழு இருந்தது, அதைக் கலைத்துவிட்டிருந்தார்கள். இன்னொன்று, டீனோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பேராசிரியரும் ஒரு அலுவலக ஊழியரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த ஊழியரைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அந்த மாதிரி மேஜையில்தான் நான் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் முதல் நாளே பொய் சொல்லச் சொல்வதில்லை. "இந்தக் கேள்வியை இப்படியும் புரிந்துகொள்ளலாமே" என்றுதான் தொடங்கும். சம்பளம் சொல்லாத மாணவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது, மேற்படிப்புக்குப் போனவரை வேலை தேடாதவர் என்று சேர்ப்பதா என்று சின்னச் சின்ன இடங்களில் நுழையும். தரவரிசையில் பள்ளியின் இடம் இறங்கியதற்காக நீ கோபப்பட்டாய் என்ற செய்தி அலுவலகத்துக்கு எட்டினால் போதும், கீழே இருப்பவர்கள் உன்னைக் கேட்காமலே எண்ணை மாற்றத் தொடங்குவார்கள். ஆகவே எண்ணைத் தயாரிப்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். சரிபார்ப்பவர் உன்னிடம் வேலை பார்க்கிறவராக இல்லாமல் பல்கலைக்கழகத்தின் தணிக்கைப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. இடம் இறங்கிய வருடத்தில், உண்மையான எண்ணைக் கொடுத்த ஊழியரை எல்லோர் முன்னாலும் பாராட்டு.

பணத்தைப் பற்றி நீளமாக எழுதவில்லை, அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகம் உன் பள்ளியை வருமானம் தரும் இடமாகப் பார்க்கும். மற்றத் துறைகள் பொறாமையோடு பார்க்கும். நிறுவன அதிகாரிகளுக்கான குறுகியகாலப் பயிற்சியில் வருமானம் நன்றாக வரும், ஆனால் அதற்கும் அதே பேராசிரியர்களின் நேரம்தான் போகும். முழுநேர எம்பிஏவுக்கு ஆள் குறைகிறதென்றால் அதைப் பேசத் தயங்காதே. அயோவா பல்கலைக்கழகம் 2017-லும் இல்லினாய் பல்கலைக்கழகம் 2019-லும் முழுநேர எம்பிஏவை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு மற்ற வடிவங்களுக்கு மாறின. அது சரியா தவறா என்பது ஒவ்வொரு பள்ளியின் நிலவரத்தைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு படிப்பை மூடும் முடிவை அதில் பாடம் நடத்துகிறவர்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஆனால், அதற்குப் பிறகு அந்த டீன் எதைச் சொன்னாலும் யாரும் காது கொடுப்பதில்லை.

இன்னொன்று. நன்கொடையாளர், பழைய மாணவர், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் என்று பாதி நாள் நீ வெளியில் இருப்பாய். அந்த நாட்களில் பள்ளியை நடத்துகிறவர் உன் துணை டீன். பல டீன்கள் தங்களோடு ஒத்துப்போகிறவரை அந்த இடத்தில் வைத்தார்கள். எங்கள் பள்ளி நன்றாக நடந்த வருடங்களில் அங்கே இருந்தவர் வேறு மாதிரி. டீனிடம் முகத்துக்கு நேராக "இது நடக்காது" என்று சொல்வார். வெளியே வந்தபின் எடுத்த முடிவுக்காக உழைப்பார். தேர்வுப் பிரிவு, சேர்க்கைப் பிரிவு, டைம்டேபிள் போடுகிறவர் எல்லோருக்கும் அவர் அறை எப்போதும் திறந்திருக்கும். ஒரே அரங்கில் ஒரே மணிக்கு இரண்டு வகுப்பு விழுந்துவிட்டது என்றால் அவரே வந்து எங்களோடு உட்கார்ந்து அட்டவணையைப் பிரித்துப் போடுவார். அப்படிப்பட்டவர் உன் பள்ளியில் இருக்கிறாரா என்று பார். அவர் இந்தப் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கமாட்டார், நீதான் போய்க் கேட்கவேண்டும்.

யாரை மனதில் வைத்திருக்கிறாய் என்று எழுது. பணிச்சுமைப் பட்டியல் கைக்கு வந்ததும் பெயர்களை எடுத்துவிட்டு எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். எங்கே என்ன ஒளிந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

அன்புடன்,
அம்மா