ஓட்டைதான் அங்கே சரக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு வளர்க்க உதவும் பீங்கான் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். விருத்தாசலத்தில் ஃபியூஸ் யூனிட்டும் இன்சுலேட்டரும் செய்யும் பட்டறையில் 30 வருடம் சூளை பார்த்தவன் நான். பீங்கான் என்று கண்ணில் பட்டால் விடமாட்டேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 'எலும்பைவிட உறுதியானது' என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் இடிக்கிறது.

பீங்கான் அமுக்கினால் தாங்கும், வளைத்தால் விண்டுவிடும். அதுவும் எலும்புக்கு வைக்கும் பீங்கான் உடம்பெல்லாம் ஓட்டை. எங்கள் பட்டறையில் உடைந்த சில்லைச் சாயத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். சாயம் உள்ளே ஏறியிருந்தால் அந்தச் சரக்கு கழிவு. இங்கே கதை தலைகீழ், ஓட்டைதான் சரக்கு. ஸ்பாஞ்சைப் பீங்கான் கரைசலில் முக்கிப் பிழிந்து, காயவைத்துச் சூளையில் ஏற்றுவது ஒரு முறை. ஸ்பாஞ்ச் எரிந்துபோய் அதன் உருவம் மட்டும் பீங்கானாக நிற்கும். துளை குறைந்தது 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) வேண்டும், ரத்தக் குழாய் நுழைந்து வளர 300 மைக்ரான் இருந்தால் நல்லது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வழியும் இருக்க வேண்டும். மூடிய ஓட்டையால் பயன் இல்லை.

என் மனைவி டூவீலரிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்தட்டு உள்வாங்கிவிட்டது. டாக்டர் அதைத் தூக்கி நிறுத்தியபோது அடியில் பள்ளம். முன்பெல்லாம் இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்து நிரப்புவார்கள். அடிபட்ட காலைவிட இடுப்புதான் அதிக நாள் வலித்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். இவளுக்குப் பீங்கான் குருணை போட்டார்கள். எடையைத் தாங்கியதோ தகடும் ஸ்க்ரூவும்தான். முதல் எக்ஸ்ரேயில் குருணை ஜவ்வரிசி கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் ஓரமெல்லாம் மங்கி, பாதிக்கு மேல் எது குருணை, எது எலும்பு என்று பிரிக்க முடியவில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டினால் ஆள் வைத்துப் பிரிக்க வேண்டும். இந்தச் சாரத்தை உடம்பே பிரித்துக்கொள்கிறது.

எல்லாப் பீங்கானும் அப்படிக் கரையாது. கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற ரகம் எலும்பின் தாதுவுக்கு நெருங்கிய உறவு, ஆனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற ரகம் சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடங்களுக்குள் போய்விடும். அதனால் இரண்டையும் 60-க்கு 40 என்று கலந்தும் செய்கிறார்கள். சூளைக்காரன் புத்தி எனக்கு இங்கேதான் போகிறது. இந்த இரண்டாவது சரக்கை 1,100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் உள்ளமைப்பே மாறிக் கரையும் வேகமும் கூடிவிடும்.

இன்னொன்று, ஏதோ நேற்று முளைத்த தொழில்நுட்பம் போல எழுதியிருக்கிறீர்கள். 1892-லேயே ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புப் பள்ளத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அடைத்திருக்கிறார். அது வாரக்கணக்கில் கரைந்துவிடும், பெரிய பள்ளமென்றால் எலும்பு வந்து சேரும்வரை காத்திருக்காது. வெளிநாட்டு ஆய்வகங்களாக அடுக்கிய கட்டுரையாளர், பக்கத்துத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை எப்படி மறந்தார்? இதய வால்வு செய்த அதே இடத்தில் எலும்புக்கான பீங்கானும் உருவாகியிருக்கிறது.

எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எலும்பு மாற்றுப் பொருள் வைக்கப்பட்டது' என்பதோடு சரி. பில்லில் விலை இருந்தது, பெயர் இல்லை. அப்புறம் வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, அவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "இது கரையுற ரகமா, தங்குற ரகமா? என்ன வச்சாங்க?" என்று கேட்டார். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குருணை வரும் டப்பாவில் பெயரும் பேட்ச் எண்ணும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிக்கொள்ளும்படி அடுத்த முறை ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீங்கான் தொழிலாளி,
விருத்தாசலம்